குவாத்தமாலா: விப்பீல் நெய்யும் ஊர்களில்

புதன், குவாத்தமாலா நகரம்

இங்கே வந்து இறங்குகிறவர்கள் பெரும்பாலும் அதே கையோடு அந்திகுவாவுக்கு வண்டி ஏறிவிடுகிறார்கள். நான் தலைநகரில் தங்கியது இஷ்செல் அருங்காட்சியகத்துக்காக. 1973இல் இந்நாட்டின் பழங்குடிகளான மாயா மக்களின் உடைகளுக்காகவே தொடங்கியது, இப்போது 10ஆவது மண்டலத்தில் ஒரு பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கிறது. நிலவு, பிள்ளைப்பேறு, நெசவு மூன்றுக்கும் உரிய மாயா தெய்வம்தான் இஷ்செல்.

முதலில் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன், இனி வரும் நாட்களில் இவை திரும்பத் திரும்ப வரும். பெண்கள் மேலே போடுவது விப்பீல். தறியில் நெய்த இரண்டு மூன்று துண்டுகளை நெடுக்காக இணைத்து, தலை நுழைய வழி விட்டு, பக்கவாட்டில் தைத்த சட்டை. இடுப்பில் சுற்றுவது கோர்த்தே, பல கஜம் நீளும். அதை இறுக்கிக் கட்டும் பட்டை ஃபாஹா. தோளில் போடுவது பெர்ராஹே. சுமை மூடவும் குழந்தையைக் கட்டவும் வெயிலுக்குத் தலையில் போடவும் கோயிலுக்குள் போகும்போது மூடிக்கொள்ளவும் ஒரு சதுரத் துணி உண்டு, அதற்கு சூட் என்று பெயர்.

நாட்டில் 22 மாயா மொழிகள் பேசப்படுகின்றன (கக்சிக்கேல், சுதுஹில், கிச்சே, இஷில், கெக்சி என்று இனி வரும் பெயர்கள் இந்த மொழிகளும் அவற்றைப் பேசும் மக்களும்தான்), 2018 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 41 பேருக்கு மேல் தங்களை மாயா என்று பதிவு செய்தார்கள். ஊருக்கு ஊர் விப்பீல் வேறு. நிறமும் புட்டாவும் கழுத்து வெட்டும் சேர்ந்து, விவரம் தெரிந்தவருக்கு இன்ன ஊர்ப் பெண் என்று சொல்லிவிடும். ஸ்பானியர்கள்தான் ஆட்களை அடையாளம் காண ஊருக்கொரு உடையைத் திணித்தார்கள் என்று பயணக் கையேடுகள் எழுதுகின்றன. ஆராய்ச்சியாளர்கள் இதை அப்படியே ஒப்புக்கொள்வதில்லை, எனக்கும் ஒப்பவில்லை, ஏனென்றால் ஸ்பானியர் வருவதற்கு முன்னால் மாயா பெண்கள் என்ன உடுத்தினார்கள் என்பதற்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. இன்று மெக்சிகோ எல்லைக்குள் இருக்கும் பழைய மாயா நகரம் யாஷ்சிலானின் 8ஆம் நூற்றாண்டுச் சிற்பம் ஒன்று இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் கபால் ஷோக் என்ற அரசி முள் கோத்த கயிற்றைத் தன் நாக்கின் வழியே இழுக்கிறாள். கோரமான சடங்கு. ஆனால் அதன் படத்தை எப்போது பார்த்தாலும் என் கண் அவள் விப்பீலுக்குத்தான் போகும், மேனி முழுக்கச் சாய்சதுரக் கட்டம், கட்டத்துக்குள் கட்டம், ஓரத்தில் குஞ்சம், அத்தனையையும் இழை தெரிகிற மாதிரி செதுக்கி வைத்திருக்கிறார் அந்தச் சிற்பி. மெக்சிகோவின் ஹைனா தீவில் கிடைத்த பழைய மாயா சுடுமண் பொம்மைகளில் ஒரு பெண் தறி கட்டி நெய்துகொண்டிருக்கிறாள். நாளைக்கு நான் பார்க்கப் போவதும் அதே வகைத் தறிதான்.

இன்று மனதில் நின்றது ஒன்று. ஒரே ஊரின் வெவ்வேறு காலத்து விப்பீல்களைச் சேர்த்துப் பார்த்தால் அவை ஒன்றுபோல இல்லை. பாட்டி போட்டதில் பாதி இடம் வெள்ளையாக இருக்கிறது, பேத்தி போட்டதில் விரல் வைக்க இடமில்லாமல் பூ. இந்த மாற்றங்களை நெய்த பெண்கள்தான் தீர்மானித்திருக்கிறார்கள்.

வியாழன், சான் அந்தோனியோ அகுவாஸ் கலியெந்தேஸ்

அந்திகுவாவிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம்கூட ஆகவில்லை. கக்சிக்கேல் மொழி பேசும் ஊர். வீட்டுத் திண்ணையில் தறி, சந்தைக் கட்டடத்தில் தறி, பள்ளி விட்டு வந்த சிறுமி மடியில் சின்னத் தறி. ஒரு நெசவுக்கார அம்மா பக்கத்தில் பாய் போட்டு உட்காரச் சொன்னார், சாயங்காலம் வரை அங்கேயேதான் இருந்தேன்.

தறி என்றதும் குழி, மிதி, நாடா என்று கற்பனை செய்ய வேண்டாம். சில மரக்குச்சிகளும் ஒரு கயிறும்தான். பாவின், அதாவது நீளவாட்டு இழைகளின், ஒரு முனை தூணில் கட்டியிருக்கிறது, மறுமுனை நெய்கிறவரின் இடுப்பைச் சுற்றிய பட்டையில். மண்டியிட்டு உட்கார்ந்து பின்னால் சாய்ந்தால் பாவு இறுகும், முன்னால் வந்தால் தளரும். தளர்த்தி, விழுதுக் குச்சியைத் தூக்கி, இழைகள் பிரிந்த வாயில் வாள் போன்ற பலகையை நுழைத்து நிமிர்த்தி, ஊடையை, அதாவது குறுக்கு நூலை, செலுத்தி, அதே பலகையால் ஓங்கி அடிக்கிறார். உடம்பே தறியின் ஒரு சட்டம். கை எட்டும் அகலத்துக்கு மேல் நெய்ய முடியாது, அதனால்தான் விப்பீல் எப்போதும் துண்டுகளை இணைத்தது. அந்தத் துண்டைத் தறியிலிருந்து இறக்கும்போது நான்கு ஓரமும் நெய்து முடிந்த ஓரம், கத்தரிக்கோலுக்கு வேலையே இல்லை.

புட்டா போடுவதைத்தான் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். இரண்டு ஊடைக்கு நடுவே கூரான குச்சியால் மூன்று பாவிழைகளை நெம்பி எடுக்கிறார், வண்ண நூலை அடியில் விட்டு மேலே கொண்டுவந்து சுற்றி, அடுத்த மூன்று இழைக்குத் தாவுகிறார். சிவப்பு நூல் நிற்கும் இடத்தில் இளஞ்சிவப்பு ஆரம்பிக்கிறது. ஒரு வரிசையில் இப்படி எத்தனையோ சின்னச் சின்ன நூல்கள் தொங்குகின்றன, எதையும் அவர் தேடி எடுக்கவில்லை, கை அதுவாகப் போகிறது. எதிரே வரைபடமும் இல்லை. இந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது என்னவென்றால் துணியைத் திருப்பிப் பார்த்தாலும் அதே பூ, அதே கிளி, அதே சுத்தம். முடிச்சு எங்கே, நூல் எங்கே தாவியது, எதுவும் கண்டுபிடிக்க முடியாது. அந்த அம்மா துணியை மாற்றி மாற்றித் திருப்பி எது நேர்ப்பக்கம் சொல் என்றார். நான் ஒவ்வோர் இழையாகப் பார்த்துவிட்டு இரண்டும்தான் என்றேன், அதுதான் சரியான பதிலாம்.

இந்தப் பூக்களும் பழங்களும் ஆதியிலிருந்து வந்தவை இல்லை. 20ஆம் நூற்றாண்டில் பூவேலைக்காக அச்சிட்ட ஐரோப்பிய மாதிரிப் புத்தகங்கள் இங்கே வந்தன. அவற்றில் கட்டங்களில் இருந்த குறுக்குத்தையல் ரோஜாக்களை இந்த ஊர்ப் பெண்கள் பார்த்து, ஊசித் தையலாக விடாமல், தறியிலேயே, அதுவும் இருபுறமும் ஒன்றுபோல நெய்துகாட்டினார்கள். அப்படியானால் இது மாயா நெசவே இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பழைய வளைவும் நெளிவும் இன்னும் அதே விப்பீலில் பூவுக்கு மேலும் கீழும் ஓடுகின்றன.

சமையல், பிள்ளைகள், சந்தை எல்லாவற்றுக்கும் நடுவில் நெய்தால் ஒரு விப்பீலுக்கு மூன்று நான்கு மாதம். விலை 2,500 கெட்சால் சொன்னார், கெட்சால் இந்த நாட்டுப் பணம். மாதக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் அது கூலியே இல்லை. நான் பேரம் பேசவில்லை, அங்கே போகிற யாரும் பேசக் கூடாது என்பது என் கருத்து.

வெள்ளி, சோலோலா, பிறகு ஏரிக்கரை

சோலோலாவில் வெள்ளிக்கிழமை சந்தை. நான் பார்த்த ஊர்களில் இங்கேதான் ஆண்களும் கைத்தறி உடையில் நிறையப் பேர். தோட்ட வேலைக்கும் நகரத்துக்கும் போய்வந்த ஆண்கள் பல ஊர்களில் எப்போதோ பேன்ட் சட்டைக்கு மாறிவிட்டார்கள், உடையைத் தாங்கி நிற்பது பெண்கள்தான். இங்கே தாத்தாக்கள் வரி போட்ட கால்சட்டைக்கு மேல் கம்பளித் துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு உருளைக்கிழங்கு மூட்டை தூக்குகிறார்கள். மேல்சட்டையின் முதுகில் கறுப்பு நாடாவால் ஒரு வௌவால். பழைய கக்சிக்கேல் அரச குலத்தின் சின்னம் அது, இன்றைக்கு வெங்காயம் விற்கிறவர் முதுகில் இருக்கிறது.

மத்தியானத்துக்கு மேல் கீழே அதித்லான் ஏரிக்கு இறங்கி, சாந்தா கத்தரீனா பலோப்போவுக்கு ஷேர் வண்டியில் போனேன். ஊரே நீலம். பெண்களின் விப்பீல் நீலம், பச்சை கலந்த நீலம், ஊதா. 2016-17 வாக்கில் தொடங்கிய ஒரு திட்டத்தில் வீட்டுச் சுவர்களுக்கும் அந்த விப்பீலின் சாயல்களைத் தீட்டியிருக்கிறார்கள். வயதான ஒரு பாட்டி மட்டும் சிவப்பு விப்பீலில் வாசலில் இருந்தார். கேட்டபோது, எங்கள் காலத்தில் இந்த ஊரே சிவப்புதான், பிள்ளைகள் நீலத்துக்குப் போய்விட்டார்கள், நான் போகவில்லை என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

பானஹச்செலில் இரவு தங்கல். அங்கே கடைத்தெரு முழுக்க விப்பீலை வெட்டித் தைத்த கைப்பை, செருப்பு, பூட்ஸ். பழைய விப்பீலை விற்பதும் பெண்கள்தான், மருந்துச் செலவுக்கோ பிள்ளை படிப்புக்கோ விற்கிறார்கள், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கழுத்து வட்டத்தை நடுவில் அறுத்துச் செருப்பின் மேல் ஒட்டியிருப்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

சனி, சான் ஹுவான், சந்தியாகோ

காலையிலேயே படகு. மத்தியானத்துக்கு மேல் ஷோக்கோமில் என்ற காற்று கிளம்பி ஏரி ஆட ஆரம்பித்துவிடும்.

சான் ஹுவான் லா லகுனாவில் பெண்கள் கூட்டுறவுகள் வைத்துச் செடிச்சாயம் தோய்க்கிறார்கள். அவகாடோ கொட்டை, தேங்காய் ஓடு, மஞ்சளுக்கு பெரிகோன் பூ, நீலத்துக்கு சக்கத்திந்தா என்ற இலை, ஆரஞ்சுக்கு அச்சியோத்தே விதை. சாயம் பிடிக்க வாழைத்தண்டுச் சாற்றில் முக்குகிறார்கள். சிவப்புக்குச் சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழும் கொச்சினீல் பூச்சி. சாம்பல் பூத்த சின்னப் புள்ளி போலத்தான் இருந்தது, உள்ளங்கையில் வைத்து நசுக்கியதும் ரத்தச் சிவப்பு பரவியது, எலுமிச்சைச் சாறு ஒரு துளி விட்டதும் அது ஆரஞ்சாக மாறியது. 19ஆம் நூற்றாண்டில் இந்த நாட்டின் ஏற்றுமதியைத் தாங்கியது இந்தப் பூச்சிதான், ஐரோப்பாவில் ரசாயனச் சாயம் வந்ததும் விலை சரிந்தது, அதன் இடத்தைக் காப்பி பிடித்துக்கொண்டது. நாட்டுப் பருத்தியில் இயற்கையாகவே பழுப்பாக விளையும் ஒரு வகை உண்டு, இஷ்காக்கோ என்கிறார்கள். அதைத் தொட்டுப் பார்த்தேன், வெள்ளைப் பருத்தியைவிடச் சற்றுச் சொரசொரப்பு.

அங்கிருந்து சந்தியாகோ அதித்லான். நாட்டின் 25 சென்டாவோ நாணயத்தில் இருக்கும் பெண் முகம் இந்த ஊருடையது. கொன்செப்சியோன் ராமிரெஸ் என்ற சுதுஹில் பெண், 2021இல் காலமானார். நாணயத்தில் அவர் தலையைச் சுற்றி ஒளிவட்டம் போலத் தெரிவது தொக்கோயால், பல மீட்டர் நீளச் சிவப்பு நாடாவைத் தலையில் சுற்றிச் சுற்றித் தட்டாக்குவது. இப்போது சில மூதாட்டிகள்தான் தினசரி கட்டுகிறார்கள், படகுத்துறையில் பயணிகளுக்குக் கட்டிக் காட்டிக் காசு வாங்குகிறவர்களையும் பார்த்தேன். இதே ஊரில் 1990 டிசம்பர் 2ஆம் தேதி ராணுவம் சுட்டதில் 13 பேர் செத்தார்கள். ஊர் திரண்டு நின்று ராணுவ முகாமையே வெளியேற்றியது. உடையைப் பற்றி எழுதும்போது இது எதற்கு என்று தோன்றலாம், நெபாஹ் போனதும் சொல்கிறேன்.

ஞாயிறு, சிச்சிகாஸ்தெனாங்கோ

கூட்டம் என்றால் கூட்டம். சாந்தோ தொமாஸ் தேவாலயப் படிகளில் சாம்பிராணி போன்ற கோபால் புகை, படி நெடுகப் பூ விற்கும் பெண்கள். கிச்சே மக்களின் பொபோல் வூ புராணத்தை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாதிரியார் பிரான்சிஸ்கோ ஹிமேனெஸ் பிரதி எடுத்தது இந்த ஊரில்தான்.

இவ்வூர் விப்பீலின் கழுத்தைச் சுற்றிச் சூரியக் கதிர்கள், மார்பு, முதுகு, இரண்டு தோள் என நான்கு இடத்தில் கறுப்புப் பட்டு வட்டம். தலை வெளியே வரும்போது பெண் நான்கு திசைகளுக்கு நடுவில் சூரியனின் இடத்தில் நிற்கிறாள் என்று சொல்வார்கள். பழைய விப்பீல்களில் இரட்டைத்தலைப் பறவை இருக்கும். ஒரு தலை முன்னால் நடப்பதையும் ஒரு தலை பின்னால் நடந்ததையும் பார்க்கிறது என்றார் ஒரு கடைக்காரம்மா. பக்கத்துக் கடைக்காரர் இல்லை, ஒன்று நல்லது ஒன்று கெட்டது என்றார். வளைநெளிக் கோட்டைக் கேட்டால் ஒருவருக்கு மலைப்பாதை, ஒருவருக்கு மின்னல், ஒருவருக்குப் பாம்பு. இந்தச் சின்னத்துக்கு இந்தப் பொருள் என்று அட்டவணை போட்டு விற்கும் அட்டைகளை நம்பாதீர்கள். சொல்கிறவரின் ஊர், பாட்டி, வயது எல்லாம் சேர்ந்துதான் பொருள்.

கோர்த்தே துணிக் கடைகளில் பெரும்பாலும் ஆண்கள். மிதித்தறி ஸ்பானியரோடு வந்தது, அதில் நெய்கிறவர்கள் ஆண்கள், தொத்தோனிகபான், சல்கஹா பக்கத்தில் நிறைய. நூலை முதலிலேயே கட்டிக்கட்டிச் சாயம் தோய்த்து அப்புறம் நெய்யும் ஹாஸ்பே அவர்கள் வேலை. இக்கத் சேலை கட்டியவர்களுக்கு அந்தக் கலங்கிய ஓரம் உடனே பிடிபடும்.

சந்தையின் இன்னொரு பக்கம் போனால் நிலைமை வேறு. பாலியஸ்டர் துணியில் விப்பீலைப் படம் எடுத்து அப்படியே அச்சடித்து விற்கிறார்கள், சுப்லிமாதோ என்று பெயர், 100 கெட்சாலுக்குள். இழையின் நிழல்கூட அச்சில் விழுந்திருக்கிறது, தொட்டால் வழவழவென்று ஒன்றுமில்லை. வாங்குவது மாயா பெண்கள்தான், 2,500க்கு எங்கே போவார்கள், தன் உடையை விடாமல் இருக்க அதுதான் முடிகிறது. அவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஒருத்தி மூன்று மாதம் நெய்ததைப் படமெடுத்து, அவளுக்குச் சொல்லாமல், ஒரு காசு தராமல் ஆயிரக்கணக்கில் அச்சடிக்கிறவர்மேல்தான் கோபம். அஃபெதெஸ் என்ற பெண்கள் சங்கமும் அதோடு சேர்ந்த நெசவாளர் இயக்கமும் 2016இல் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போனது இதற்காகத்தான். ஒரு புட்டாவை இன்னார் கண்டுபிடித்தார் என்று காட்டினால்தான் உரிமை என்கிறது சட்டம். இங்கேயோ அது ஊர் முழுக்கத் தலைமுறை தலைமுறையாகச் செய்தது. அதனால் உரிமை சமூகத்துக்கு என்று எழுதுங்கள் என்று கேட்டார்கள். 2017இல் நீதிமன்றம் சட்டம் இயற்றும்படி நாடாளுமன்றத்துக்குச் சொன்னது, 5247 என்ற எண்ணுள்ள மசோதா ஆண்டுக் கணக்கில் கிடப்பில் கிடந்தது. 1562இல் மானி என்ற ஊரில் பாதிரியார் தியேகோ தெ லாந்தா மாயா ஏடுகளைக் குவித்து எரித்தார், மொத்தம் நான்கே ஏடுகள்தான் இன்று மிச்சம். காலனி ஆட்சியால் எரிக்க முடியாமல் போன புத்தகங்கள் எங்கள் துணிகள் என்று இந்த நெசவாளர்கள் சொல்வது அதை நினைத்துத்தான்.

திங்கள், வழியில்

சாந்தா குரூஸ், சக்கபூலாஸ் வழியாக மலைமேல் மலை. நாள் முழுக்க வண்டி. எழுத ஒன்றுமில்லை, ஏறுகிற பெண்களின் விப்பீல் மாறுவதை வைத்தே அடுத்த ஊர் வந்துவிட்டதைத் தெரிந்துகொண்டேன் என்பதைத் தவிர.

செவ்வாய், நெபாஹ்

இஷில் மக்களின் ஊர். சிவப்புக் கோர்த்தே, பறவையும் குதிரையும் சோளச்செடியும் மனிதர்களும் நெருக்கியடித்து நிற்கும் விப்பீல், கூந்தலோடு முறுக்கித் தலைமேல் கட்டிய நாடாவில் பெரிய பெரிய குஞ்சங்கள். நான் பார்த்ததில் எனக்கு மிகப் பிடித்த உடை இதுதான், காரணம் கேட்காதீர்கள்.

1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் 2 லட்சத்துக்கு மேல் பேர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். 1999இல் வந்த உண்மை ஆணைய அறிக்கையின்படி, அடையாளம் காணப்பட்டவர்களில் நூற்றுக்கு 83 பேர் மாயா. 1981 முதல் 83 வரை இந்த மலைகளில் ராணுவம் ஊர் ஊராக எரித்தது. அப்போது விப்பீல் ஒரு பெண்ணின் ஊரைச் சோதனைச் சாவடியில் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் பலர் வேற்றூர் விப்பீலுக்கோ கவுனுக்கோ மாறினார்கள். நான் தங்கிய வீட்டுப் பாட்டி காட்டில் ஒளிந்திருந்தபோது நூல் கிடையாது, இருந்த ஒரே விப்பீலை ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டுக் கடைசியில் குழந்தைக்குத் துணியாகக் கிழித்தாராம். திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்தீர்கள் என்றேன். வீட்டுக்குக் கூரை போட்டோம், அப்புறம் நான் தறி கட்டினேன் என்றார்.

2013இல் முன்னாள் ராணுவ ஆட்சியாளர் ரியோஸ் மோந்த் மீதான இனப்படுகொலை வழக்கில் இஷில் பெண்கள் இந்த உடையோடுதான் சாட்சிக் கூண்டில் ஏறினார்கள். மே 10ஆம் தேதி தண்டனை அறிவிக்கப்பட்டது, பத்தே நாளில் அரசியலமைப்பு நீதிமன்றம் ரத்து செய்தது. 2016இல் செப்பூர் சர்க்கோ வழக்கில் கெக்சி மூதாட்டிகள் பெர்ராஹேயால் முகத்தை மூடிக்கொண்டு ராணுவத்தார் தங்களுக்குச் செய்ததைச் சொன்னார்கள், இருவருக்குத் தண்டனை கிடைத்தது. சமாதான காலத்திலும் அவமானம் நிற்கவில்லை. 2002இல் கிச்சே மானுடவியலாளர் இர்மா அலிசியா வெலாஸ்கெஸ் நிமாதுஹ் விப்பீல் போட்டிருந்தார் என்பதற்காகத் தலைநகரில் ஓர் உணவகத்துக்குள் விடவில்லை. அதே ஆண்டு இனப்பாகுபாடு குற்றம் என்று சட்டம் வந்தது.

இன்று சாயங்காலம் அந்த வீட்டில் ஒரு வாக்குவாதம். பேத்தி கல்லூரிக்குப் போகிறாள், தன் முதல் விப்பீலைத் தானே நெய்ய வேண்டுமாம், பாட்டியின் பறவைகளை வைத்து, ஆனால் நீலத்தில். அம்மாவுக்குச் சிவப்பு இல்லாமல் நெபாஹ் விப்பீல் கிடையாது. பாட்டியிடம் போனார்கள். பாட்டி தன் பெட்டியிலிருந்து பழைய விப்பீல் ஒன்றை எடுத்து வந்து, இதில் எத்தனை நிறம் எண்ணு, இதைப் பார்த்து என் அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை என்று மகளிடம் சொன்னார். கடைசியில் நிறம் பேத்தி இஷ்டம், பறவைகளின் வரிசையை மட்டும் மாற்றக் கூடாது என்று முடிவானது. நூல் ஏற்கனவே வாங்கி வைத்திருக்கிறாள். நாளைக் காலை பாவு ஓட்டப் போகிறார்கள், நூல் கண்டைப் பிடித்துக்கொள்ள என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள், அதனால் ஊர் திரும்பும் வண்டியை மத்தியானத்துக்கு மாற்றிவிட்டேன்.